ஆகாயத்திலிருந்து ஒரு போன்

என் மாமியாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் எனக்கு வாய்த்தார், இளையவர் அமெரிக்காவுக்கு வாய்த்தார். அமெரிக்காவுக்கு வாய்த்தவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வார். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் எங்கள் அக்ரஹாரத்து வீட்டின் கூடத்தில், ஒரு முக்காலியின் மேல், பூவேலை செய்த துணி போர்த்தி அந்த போன் இருந்தது. ஞாயிறு காலையில் மாமியார் சீக்கிரமே குளித்துவிட்டு, காய் நறுக்குகிற சாக்கில் அதன் பக்கத்தில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மணி அடித்ததும் உடனே எடுக்கமாட்டார், மூன்றாவது மணிக்குத்தான் எடுப்பார். அம்மா காத்துக்கொண்டிருந்தாள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

நானும் ஒரு போனுக்குக் காத்திருந்தவள்தான். என்னுடையது அமெரிக்காவைவிடக் கொஞ்சம் தூரத்திலிருந்து வரவேண்டியது.

திருவனந்தபுரத்தில் பிறந்தவர்களுக்கு ராக்கெட் என்பது பக்கத்துத் தெரு சமாசாரம். எல்லார் வீட்டிலும் ராக்கெட் ஆபீசில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அவர் அங்கே கணக்கு எழுதுபவராக இருந்தாலும், கல்யாண வீட்டில் அவரிடம்தான் சந்திரனைப் பற்றிக் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களைத் தும்பாவுக்கு அழைத்துப் போனார்கள். கடலோரத்தில் ஒரு பழைய மாதா கோயில்தான் அங்கே ராக்கெட் காட்சிசாலை. மற்ற பெண்கள் ராக்கெட்டின் உயரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், எங்களுக்குச் சுற்றிக்காட்டிய இளைஞரிடம், இதையெல்லாம் மேலே அனுப்புகிறீர்களே, அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அறிஞ்ஞூடா மோளே" என்று சிரித்தார். தெரியாது என்பதை ஒரு வளர்ந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

படிப்பு முடித்து, கழக்கூட்டத்தில் மென்பொருள் ஆபீஸ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆன பிறகு அந்தப் பைத்தியத்துக்குத் தீனி கிடைத்தது. இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய சமயம். எனக்கு அடுத்த நாற்காலியில் பாறசாலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஞாயிறு தோறும் சர்ச்சில் பாடுகிறவள், திங்கள் முதல் சனி வரை செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் உண்டா என்று என்னோடு சண்டை போடுகிறவள். ஆபீசுக்கு வெளியே நெடுஞ்சாலையோரக் கடையில் கட்டன்சாயாவும் பழம்பொரியுமாக எங்கள் வானியல் மாநாடு தினமும் நடக்கும். வேற்றுலகத்தில் உயிர் இருக்கும் என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு ஆதாரம்தான் இருந்தது. "கர்த்தர் இம்புட்டு பெரிய வானத்தெ வெறுதெ உண்டாக்கிப் போட்டிருப்பாரா?" என்பாள்.

ஒருமுறை எங்கள் ஆபீசிலிருந்து நட்சத்திரம் பார்க்கவென்று பொன்முடிக்குப் போனோம். கல்லாற்றில் ஆசைதீரக் குளித்துவிட்டு மலை ஏறினால், சாயங்காலமே மேகம் இறங்கி, பக்கத்தில் நிற்கிறவர் முகமே தெரியவில்லை. ஒரு நட்சத்திரம்கூடப் பார்க்காமல், தொண்டை கட்டும்வரை பாடிக்கொண்டு இறங்கி வந்தோம். அந்த வயதில் அதுவும் வானியல்தான்.

அவள்தான் ஒருநாள் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து, வீட்டுக் கணினியில் போடு என்றாள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் தயாரித்த மென்பொருள் அது. எங்கோ ஒரு தீவில், மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் பிரம்மாண்டமான ஒரு கிண்ணத்தை வானத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். விண்வெளியிலிருந்து வருகிற ரேடியோ இரைச்சலை எல்லாம் அது பிடிக்கும். அதில் யாராவது பேசுகிற சத்தம் இருக்கிறதா என்று தேட அவர்களிடம் உள்ள கணினிகள் போதாது. அதனால் இரைச்சலைத் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க என்னைப் போன்ற பைத்தியங்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு துண்டை அலச எங்கள் கணினிக்கு இரண்டு நாள் பிடிக்கும். முடிந்ததும் டெலிபோன் வழியாக இன்டர்நெட்டில் விடையை அனுப்பிவிட்டு அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளவேண்டும்.

இதில் ஒரு விசேஷம். நாம் கணினியைத் தொடாமல் இருக்கும்போதுதான் அது தேடும். எலியைக் கொஞ்சம் நகர்த்தினாலும் தேடுவதை நிறுத்திவிடும். சும்மா விட்டால், திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கோபுரங்கள் எழும்பி எழும்பி அடங்கும். "நீ ஆபீஸ் போனா அது வேலை செய்யறது. நீ வந்தா அதுவும் படுத்துக்கறது. நல்ல ஜோடியாக்கும்" என்றார் மாமியார். நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அந்தக் கோபுரங்களைத்தான் பார்ப்பேன். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த நேரத்திலும் என் வீட்டில் ஒரு காது வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது என்கிற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. அப்படி ஒரு ஆனந்தம்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கணவர் பேப்பருக்குள் இருந்தார். மாமியார் போனுக்குப் பக்கத்தில் புடலங்காயோடு இருந்தார். மணி அடிக்கவில்லை. புடலங்காய் முடிந்து அவரைக்காயும் முடிந்தது, அப்போதும் அடிக்கவில்லை. சந்தேகப்பட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தவர் முகம் மாறிவிட்டது. உள்ளே கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம். துண்டை அலசி முடித்த கணினி, யாரையும் கேட்காமல் தானே டயல் செய்து, மணிக்கணக்காக லைனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொழுந்தனார் கூப்பிட்டுப் பார்த்து, லைன் கிடைக்காமல், தூங்கப் போயிருப்பார். அங்கே அப்போது ராத்திரி. அவர் கூப்பிட வாங்கும் போன் அட்டையில் நேரம் அளந்துதான் இருக்கும். இனி அடுத்த ஞாயிறுதான்.

"யாரும் தொடாமலே போன் பண்றதா அது?" என்றார் மாமியார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு பேசியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவரோ மத்தியானம் முழுவதும் அந்த முக்காலிக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தார். சாயங்காலம் எழுந்து, தீர்ப்பைச் சொன்னார்.

"நவராத்திரி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள மேலேருந்து யாராவது பேசினா செரி. இல்லையானா, மதி, கேட்டது போதும். அணைச்சு மூடி வெச்சுடு. உனக்கு ஆபீஸ் வேலை இருந்தா மட்டும் திறந்துக்கோ."

கணவர் என் பக்கமும் அம்மா பக்கமும் ஒரே நேரத்தில் தலையாட்டினார். பாங்கில் வேலை பார்த்து அந்த வித்தையில் தேர்ந்திருந்தார். நான் ரோஷத்தில், சரி, அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மனிதர்கள் தோன்றிய நாளிலிருந்து வராத போன், நவராத்திரிக்குள் வரும் என்று எனக்கு யார் வாக்குக் கொடுத்தார்கள்? ஆனாலும் வாய்விட்டாயிற்று. கணினி தானாக டயல் செய்யாமல் இருக்க வழி செய்துவிட்டு, அதை இரவு பகலாக ஓடவிட்டேன். இடைப்பட்ட வாரங்களில் என் கணவர் அதன் பக்கம் போனாலே நான் சீறுவேன். அதில் சீட்டாட்டம் ஆடிப் பழகியிருந்த மனிதர், பாவம், நிஜச் சீட்டுக்கட்டு வாங்கிவந்துவிட்டார்.

நவராத்திரி வந்தது. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து, வருஷா வருஷம் போல, சரஸ்வதி யானை மேல் வந்து கோட்டைக்குள் இறங்கினாள். எங்கள் கூடத்தில் ஒரு பக்கம் கொலு, எதிர்ப்பக்கம் மேஜை மேல் என் கணினி. சாயங்காலம் ஆனால் மாமியார் நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிக்குப் போய்விடுவார். அந்தக் கச்சேரிக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய வித்வான் பாடினாலும் யாரும் கைதட்டக் கூடாது, பேசக் கூடாது. அம்மனுக்கு முன்னால் நடக்கிற பாட்டு, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவேண்டும். மாமியார் மணிக்கணக்காக அப்படி நின்று கேட்டுவிட்டு வருவார்.

அஷ்டமியன்று காலை நான் காப்பியோடு திரைக்கு முன்னால் வந்து, டம்ளரை மேஜையில் வைக்க மறந்து நின்றுவிட்டேன். திரையின் ஒரு மூலையில், அதுவரை கிடைத்ததிலேயே வலுவான சத்தத்தை ஒரு கோடாகக் காட்டுவார்கள். வழக்கமாக அது கோழி கிளறின மாதிரி இருக்கும். அன்று ஒரு குன்று இருந்தது. மெல்ல ஏறி, உச்சியில் வளைந்து, மெல்ல இறங்குகிற குன்று. கிண்ணம் வானத்தில் ஓர் இடத்தைக் கடந்துபோகும்போது, அங்கே நிஜமாகவே ஒரு குரல் இருந்தால், அப்படித்தான் ஏறி இறங்கவேண்டும். துண்டில் பாதிதான் அலசியிருந்தது. மறுநாள் காலைக்குள் முடிந்துவிடும். என் நெஞ்சு அடித்துக்கொண்டது எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பாறசாலைக்காரிக்குப் போன் செய்தேன். குன்றெல்லாம் நிறைய வரும், துள்ளாதே என்று மிகவும் நிதானமாகச் சொன்னாள். வைப்பதற்கு முன், "முடிஞ்ச உடனெ என்னெ விளிக்கணும், எந்த நேரமானாலும்" என்றாள். அவள் நிதானம் அவ்வளவுதான்.

ஆனால் அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. எங்கள் ஊரில் அஷ்டமி அந்தியில் புத்தகம், பேனா, தொழில் செய்கிற கருவி எல்லாவற்றையும் சரஸ்வதிக்கு முன் வைத்துவிடுவார்கள். அதன் பிறகு விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிறவரை ஒருவரும் படிக்கவோ எழுதவோ கருவியைத் தொடவோ கூடாது. சின்ன வயதில் எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அது. படி என்று ஒருவரும் சொல்ல முடியாத ஒரே நாள். இப்போதோ, மாட்டுப்பெண்ணின் ஆயுதம் கணினிதானே, அதையும் பூஜையில் வைக்கவேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

நான் வாதாடினேன். இதை யாரும் தொடவேண்டியதில்லை, தொடாமல் இருந்தால்தான் ஓடும், இன்று அணைத்தால் நான் செத்தே போவேன் என்றேன். மாமியார் சாஸ்திரம் தெரிந்தவர், கொஞ்சம் யோசித்தார். கை பட்டால்தான் வேலை, தானாக ஓடுகிறது என்றால் அது விளக்கு எரிகிற மாதிரி, எரியட்டும் என்று அனுமதி கொடுத்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. மடியாக இருந்ததால் கட்டிக்கொள்ளவில்லை.

அந்தியில் விளக்கேற்றி, மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். புத்தகங்களுக்கு ஒரு பொட்டு, கணவரின் கால்குலேட்டருக்கு ஒரு பொட்டு, தையல் கத்தரிக்கு ஒரு பொட்டு. கணினிப் பெட்டிக்கு முன் வந்ததும் ஒரு நிமிஷம் நின்று இடம் பார்த்தார். பெட்டியின் நட்ட நடுவில், பொட்டு வைக்கவே செய்த மாதிரி, வட்டமாக, கொஞ்சம் குழிந்து, ஒரு பொத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விரல் போய்விட்டது. ஈரச் சந்தனம் நன்றாக ஒட்டட்டும் என்று அழுத்தி வைத்தார்.

என் குன்று மறைந்தது. கோபுரங்கள் மறைந்தன. திரை கறுத்தது.

"பாத்தியா, சந்தனம் பட்டதும் அதுவே அடங்கிடுத்து" என்றார் பக்தியோடு.

"அடங்கலே அம்மா. நீங்க அணைச்சுட்டேள்" என்றேன்.

அவர் தன் விரலைப் பார்த்தார், பிறகு பொத்தானைப் பார்த்தார். நான் அடுக்களைக்குப் போய்ச் சுண்டலைத் தாளித்தேன். என் கோபத்துக்கு எப்போதும் கடுகுதான் அகப்படும். மாமியார் கச்சேரிக்குக் கிளம்பிய பிறகு கணவர் பூனை மாதிரி வந்து, சத்தமில்லாமல் ஒருதரம் அழுத்திவிடேன், அம்மாவுக்குத் தெரியவா போகிறது என்றார். போய் நின்றும் பார்த்தேன். பொட்டு வட்டம் தவறாமல் பொத்தான் மேலேயே உட்கார்ந்திருந்தது. அழுத்தினால் என் ரேகையோடு தெரியும். அது மட்டும் காரணமில்லை. பிறந்தது முதல் பூஜையில் வைத்ததைத் தொட்டிராத கை, செவ்வாய்க் கிரகத்துக்கு மேலேயும் போய்த் தேடத் தயாராக இருந்த கை, அந்த அரை விரற்கடைச் சந்தனத்தைத் தாண்ட மறுத்துவிட்டது.

மறுநாள் நவமி. தாம்பூலத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவர்கள் கொலுவைப் பார்க்காமல், எதிர்ப்பக்கம் திரும்பி, இதுவா அது என்று கேட்டார்கள். மாமியார் கச்சேரிக்குப் போன இடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பேசக் கூடாத மண்டபத்தில் எப்படிச் சொன்னார் என்பதை அம்மன்தான் அறிவாள். நான் சுண்டலோடு அடுக்களை வாசலில் நின்று காது கொடுத்தேன்.

"வேற லோகத்துலேருந்து யாராவது கூப்பிடறாளான்னு கேக்கற மெஷினாக்கும். ஒரு குரல் கேட்டுண்டு வந்தது. நான்தான் தெரியாம அணைச்சுட்டேன்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால் என்ன தெரியும், பேசுவார்களா, பாடுவார்களா என்று யாரோ கேட்டார்கள். நம் மண்டபத்தில் எப்படியோ அப்படித்தான், கைதட்டாமல் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்றார் மாமியார். நான் ஆபீசில் எத்தனையோ பேருக்கு இந்த மென்பொருளை விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக ஒருநாளும் சொன்னதில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, பாதி கேட்டது வீணாகிவிடுமா என்று கேட்டார். வீணாகாது, விட்ட இடத்திலிருந்து கேட்கும் என்றேன். அப்போது அவர் விட்ட பெருமூச்சில் கொலுவின் கடைசிப் படியில் இருந்த செட்டியார் பொம்மையே அசைந்திருக்கும். அந்தக் குரல் கிளம்பி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், நாம் பிறப்பதற்கு முன்பேகூடக் கூப்பிட்டிருக்கலாம் என்றும் சொன்னேன். அவர் போனைப் போர்த்திய துணியை நேராக்கிவிட்டுப் படுக்கப் போனார்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தோம். தாம்பாளத்து அரிசியில் விரலால் எழுதினோம், புத்தகத்தைத் திறந்து ஆளுக்கு நாலு வரி படித்தோம். அதன் பிறகு மாமியார் நேராகக் கணினியிடம் போய், காய்ந்துபோன சந்தனத்தின் மேல் விரல் வைத்து, தானே அழுத்தினார். கோபுரங்கள் எழும்பின, குன்றும் வந்தது. அன்று ஞாயிறுகூட இல்லை, பூஜைக்காக எனக்கு விடுமுறை. திரும்பிப் பார்த்தால், அரிவாள்மணையும் பூசணிக்காயும் கணினி மேஜைக்குக் கீழே வந்திருந்தன. மாமியார் அங்கே உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்திருந்தார்.

சாயங்காலம் துண்டு முடிந்தது. பாறசாலைக்காரியைக் கூப்பிட்டேன். குன்றின் அகலம் எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டு, "நம்ம ஆளுங்க மேலெ அனுப்பி வச்ச ஏதோ சாட்டிலைட்டாட்டுதான் இருக்கும்" என்றாள். அவள் குரலும் இறங்கியிருந்தது. ஒருவேளை தும்பாவைச் சேர்ந்த யாரோ ஒருவரின் சித்தப்பா கணக்கு எழுதி அனுப்பியதாகவே இருக்கலாம். விடையை அனுப்பினேன். வேறெந்தப் பேச்சும் இல்லாமல் அடுத்த துண்டு வந்து இறங்கியது.

நவராத்திரி முடிந்துவிட்டது. மேலேயிருந்து யாரும் பேசவில்லை. வாய்விட்டவள் நான், வார்த்தையைக் காப்பாற்றவேண்டியதும் நான்தான். மனசு நிஜமாகவே வலித்தது. கணினியை அணைக்கக் கையை நீட்டினேன்.

"என்னத்துக்கு அணைக்கறே?" என்றார் மாமியார்.

"நவராத்திரி ஆயிடுத்தே அம்மா. யாரும் கூப்பிடலையே."

அவர் ராத்திரிச் சமையலுக்கு நறுக்கிய துண்டங்களைத் தட்டில் வாரிப் போட்டார். "ஒரு ஞாயித்துக்கெழமை அவன் கூப்பிடலேன்னா, நான் போனைப் பிடுங்கியா வெச்சுடறேன்?" என்று கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

நான் கையை எடுத்துவிட்டேன். அந்தக் கணினி பழசாகி, பழைய சாமான்காரர் எடுத்துப்போகும்வரை, ஞாயிறு காலையில் மட்டும் லைனை விட்டுக்கொடுத்து, மற்ற நேரமெல்லாம் வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. புதிதாக வேலைக்காரம்மா வந்தாலும், விருந்தாளி வந்தாலும், அதை அணைக்கக் கூடாது, யாராவது கூப்பிடுவார்கள் என்று மாமியார் முதலிலேயே சொல்லிவிடுவார். அடுத்த வருஷப் பூஜை வைப்பில் பொட்டைப் பொத்தானுக்கு நாலு விரல் தள்ளி வைத்தார்.